மூணு பவுன்

தெற்காவணி மூல வீதியில்
ஆசாரி கேட்டார்:
"புள்ளைக்கு எத்தன பவுன்ல?"
"மூணு" என்றேன்.
வாய் கசந்தது.
நெட்டாலிலிருந்து வந்து நாலு மாசமாகிறது.
அந்த எண்ணைச் சொன்னால் இன்னும்
கை தானாக மடியைத் தடவுகிறது
ரசீது இருக்கிறதா என்று.

முந்தி முடிச்சை அவிழ்த்தேன்.
இரண்டில் முக்காடு போட்ட மகாராணி,
ஒன்றில் தாடிக்கார மகன்.
ஆசாரி ஒவ்வொன்றாய்க் கல்லில் சுண்டி
ஓசை கேட்டார்.

முதல் வருசம் கரும்புக் காட்டில்
எனக்கு மாசம் அஞ்சு ஷில்லிங்.
காய்ச்சலில் ஒருநாள் படுத்தால்
ரெண்டு நாள் கூலி பிடிப்பார்கள்.
பிடிக்காமல் முழுசாகத் தந்திருந்தாலும்
பன்னிரண்டு மாசத்துக்கு
மூணு பவுன்தான்.
அஞ்சு வருசம் முடிந்ததும்
இனி உனக்கு விடுதலை என்று
தாள் கொடுத்தார்கள்.
விடுதலைக்கு வருசம் மூணு பவுன்.
ஆளுக்கு.

கட்ட முடியாதவன் மறுபடி கைநாட்டு வைக்கலாம்.
மொக்கச்சாமி வைத்தார்.
இந்தத் தடவை கரும்பு இல்லை, நிலக்கரி.
குழியிலிருந்து தூக்கி வந்து கிடத்தியபோது
அவர் கட்டைவிரலில்
மசி எது, கரி எது
தெரியவில்லை.

அங்கே ஒருத்தன் இருந்தான், தெம்பா.
அவன் தேசம் அது.
அவன் அப்பன் குடிசைக்குப் பதினாலு ஷில்லிங் வரி.
ரெண்டு பொண்டாட்டி என்றால்
ரெண்டு குடிசை, ரெண்டு வரி.
மாட்டை விற்றுக் கட்டினார்கள்.
மாடு தீர்ந்த பிறகு
தலைக்கு ஒரு பவுன் என்று இன்னொன்று வந்தது.
ரோடு போட ஆள் பிடிப்பார்களாம்.
இசிபாலோ என்றான்.
எங்கள் ஊரில் அமஞ்சி என்றேன்.
ஜமாபந்திக்கு வந்த துரையின் கூடாரத்தைக்
கள்ளிக்குடியிலிருந்து திருமங்கலம் வரை
என் அப்பன் கூலியில்லாமல் சுமந்ததை
நடந்து காட்டினேன்.
சிரித்துவிட்டு, குளிக்கிற தொட்டியையுமா என்று
சைகையில் கேட்டான்.
ஆமாம், தொட்டியையும்.
அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று
நான் கேட்கவில்லை.

பெண்ணுக்குப் பதிமூணு ஆனால்
அவள் தலைக்கும் மூணு பவுன்.
முத்திருளி அப்போது சடங்காகவில்லை.
குச்சில் கட்ட வேண்டிய தாய்மாமன்
கடலுக்கு இந்தப் பக்கம்.
ஆனாலும் சர்க்கார் ஏட்டில்
பெரியமனுசி ஆகிவிட்டாள்.
சோளம் அவித்து விற்று
பிறத்தியார் துணி வெளுத்து
சேர்த்துக்கொண்டு போனேன்.
வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர்.
ஆறாவது ஆளிடம்
பித்தான் இல்லாத சட்டை.
அவன் காசை எண்ணினான், மறுபடி எண்ணினான்,
மறுபடியும்.
நான் வரிசையை விட்டு விலகி
கப்பல் எப்போது என்று விசாரிக்கப் போனேன்.

ஊரில் வந்து இறங்கிய வாரமே
முன்சீப் ஆள் வாசலில்.
புஞ்சையை ஏலம் விட்டும்
கிஸ்தி பாக்கி தீரவில்லையாம்.
எவ்வளவு என்று கேட்கவில்லை.
மறுநாள் விடியுமுன்னே
மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு நடந்தேன்.
தண்டட்டியாகக் காதில் தொங்கினால்
எந்தச் சர்க்கார் அறுத்து எடுக்கும்?
(எடுக்கும். தெரியும்.)

"தாயி, இந்தத் தாடிக்காரர்
ஒரு நெல்லெடை கம்மி" என்றார் ஆசாரி.
"பல கை பட்டுத் தேஞ்சிருக்கு."
முத்திருளி தராசிலிருந்து அதை எடுத்தாள்.
கையை மூடிக்கொண்டாள்.
"ரெண்டுல செய்ங்க."
இது எதுக்குடி என்றேன்.
பதில் இல்லை.

ஆசாரி மூசையை நெருப்பில் வைத்து
ஊதுகுழலை வாயில் எடுத்தார்.
முதலில் கரைவது கிரீடமா, மூக்கா என்று
பார்க்க
இரண்டு பேரும் குனிந்தோம்.